டயப்பரும் ஒரு பிடி கல்லுப்பும்

மகளின் டயப்பர் ஒன்று தவறுதலாகத் துணிகளோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்ட அன்று, கதவைத் திறந்தபோது சவ்வரிசிக் கஞ்சியைக் கொட்டியதுபோல் வழவழப்பான மணிகள் துணியெங்கும் ஒட்டிக்கிடந்தன. அவை சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் உறிஞ்சுபொருள். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாதவை. அம்மா சொன்னபடி ஒரு பிடி கல்லுப்பைத் தூவிக் கலக்கியதும் அவை சுருங்கி நீரைக் கக்கின. டயப்பர் மறுசுழற்சியிலும் இதே வேதியியல்தான், கால்சியம் உப்புகளின் துணையோடு, கையாளப்படுகிறது.

மரக்கூழும் பிளாஸ்டிக்கும் இந்த மணிகளும் பின்னிக் கிடப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது செலவு பிடித்த வேலை. பிரிக்காமலேயே பயன்படுத்த முயன்ற ஜப்பானின் கிடாக்யூஷு பல்கலைக்கழக ஆய்வு என்னைக் கவர்ந்ததற்கு அதுவே காரணம். 2023-இல் வெளியான அந்த ஆய்வில், பயன்படுத்திய டயப்பர்களைக் கழுவி, உலர்த்தி, துண்டாக்கி, கான்கிரீட்டில் மணலின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்த்து, 28 நாள் இறுகவிட்டு வலிமையைச் சோதித்தார்கள். தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டின் தூண்களிலும் உத்தரங்களிலும் மணலில் 27 சதவீதம் வரை மாற்றலாம் என்றும், மூன்று தளக் கட்டடமாயின் அந்த அளவு 10 சதவீதமாகக் குறையும் என்றும் கண்டார்கள். இந்தோனேசியாவுக்காகத் திட்டமிடப்பட்ட 36 சதுர மீட்டர் வீடு ஒன்றில் ஏறத்தாழ 1.7 கன மீட்டர் டயப்பர் கழிவு அடங்கிவிடுமாம்.

கணக்கு சரிதான், ஆனால் குப்பையிலிருந்து டயப்பரைத் தனியே பிரித்துச் சேகரிப்பதும், கழுவிய நீரைச் சுத்திகரிப்பதும் கான்கிரீட் கலப்பதைவிடக் கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மெஷினின் ரப்பர் வளையத்தில் இப்போதும் ஓரிரு மணிகள் அகப்படுகின்றன.