தரம் பார்க்கும் வேலை

முந்திரி வாங்கும் வேலைக்குத்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற பெனின் நாட்டுக்குப் போனேன். 2013 பிப்ரவரி, சீசன் தொடங்கும் நேரம். பண்ருட்டிப் பக்கம் பிறந்தவனுக்கு முந்திரி புதிதில்லை. கொட்டை உடைக்கிற வீட்டில் வளர்ந்தவன், அந்தக் கருப்பு எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்களில் தோல் உரிந்து கிடப்பதைப் பார்த்தே பெரியவன் ஆனவன். அதனால் அந்த நாட்டின் துறைமுக நகரமான கோட்டோனூவில் இறங்கிய மறுநாளே என்னைச் சாம்பிள் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். லாரியில் வரும் 80 கிலோ மூட்டைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்தூசி போட்டுக் கொட்டை எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதில் ஒரு கிலோ நிறுத்து எண்ண வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக இரண்டாகப் பிளந்து நல்லது, புள்ளி விழுந்தது, பிஞ்சு, சொத்தை, எண்ணெய் ஏறியது என்று தனித்தனியாக ஒதுக்கி எடை போட வேண்டும். ஒரு மூட்டையில் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பதுதான் அவுட்டர்ன். 48 வந்தால் சந்தோஷம், 45க்குக் கீழே போனால் விலையைக் குறைப்போம், இன்னும் கீழே போனால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை இதே வேலை.

எனக்கு எதிரே உட்கார்ந்து கொட்டை பிளந்தவர் பான்த்தேக்காரர். பான்த்தே வடக்கே, கடற்கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற முந்திரிச் சீமை. ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரைத் தொந்தோன் என்று கூப்பிடுவார்கள், ஃபிரெஞ்சில் அது மாமா என்பது மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். கத்தியை வைத்த இடத்திலேயே கொட்டை பிளந்துவிடும், ஒரு பருப்பு உடையாது. அவர் நாகோ, அதாவது யொரூபா மொழியின் ஒரு கிளையைப் பேசுகிறவர். கிடங்கின் மேஸ்திரி அபோமேக்காரர், ஃபோன் இனம். அபோமேயைத் தலைநகராக வைத்து இந்தப் பகுதியை ஆண்ட பழைய ராஜ்யம் தஹோமி, அதன் அரசர்களின் வழி வந்த குடும்பம் என்று சொல்வார், மற்றவர்களும் அவரிடம் அந்த மரியாதையோடுதான் பேசுவார்கள்.

இரண்டாவது சீசனில் ஒரு நாள் பான்த்தேயிலிருந்து வந்த லாரி மோசமாக இருந்தது. ஈரம், பாதி பிஞ்சு. மேஸ்திரி மேசைக்கு வந்து பார்த்துவிட்டு ஃபோன் மொழியில் ஏதோ சொன்னார், லோடு ஏற்றும் பையன்கள் சிரித்தார்கள். தொந்தோன் கத்தியைத் துணியில் துடைத்து மேசைமேல் வைத்தார், எழுந்தார், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன சொன்னார் என்று டிரைவரிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினார், நான் விடவில்லை. "உங்க ஆளுங்களை அப்பவே மொத்தமா வித்திருக்கணும், மிச்சம் வச்சதுதான் தப்பு, இப்ப பாரு எப்படிக் கொட்டை அனுப்புறாங்கன்னு." இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. யாரை யார் விற்றார்கள்? மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "அது அவங்க விவகாரம், நீ தலையிடாதே, லோடிங் நிக்கக் கூடாது" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு அன்று மீதிக் கொட்டையை நானே பிளந்தேன். அப்படி இருந்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடிமை வியாபாரம் என்றால் என் மனதில் இருந்ததெல்லாம் ஒரே படம்தான்: வெள்ளைக்காரன் கப்பலில் வந்தான், கரையில் இருந்தவர்களை வலை போட்டுப் பிடித்தான், கொண்டுபோனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் என்னை உய்தாவுக்கு அழைத்துப் போனார். கோட்டோனூவிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் கப்பலேற்றப்பட்ட ஊர் அது. அட்லாண்டிக்கைத் தாண்ட ஏற்றப்பட்டவர்கள் மொத்தம் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் இந்த ஒரு ஊரின் பங்கு இவ்வளவு. அங்கே எனக்கு முதல் அதிர்ச்சி, கோட்டை கடற்கரையில் இல்லை. ஊருக்குள், கடலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. போர்ச்சுகல், பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டுக்கும் இந்த ஊருக்குள்ளேதான் கோட்டை இருந்தது. கடற்கரையைப் பிடித்துக்கொண்டு உட்கார உள்ளூர் அரசு அவர்களை விடவில்லை. 1727இல் தஹோமி அரசர் அகாஜா இந்தத் துறைமுகத்தைப் பிடித்த பிறகு, வெள்ளைக்காரர்களைக் கவனிக்கவென்றே யொவோகன் என்ற அதிகாரி இங்கே உட்கார்ந்தார். கப்பல் வந்தால் அரசருக்கு வரி கட்ட வேண்டும், முதலில் அரசர் விற்கும் அடிமைகளை அவர் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும், அதற்கப்புறம்தான் மற்ற வியாபாரிகளிடம் போகலாம். அலை மோதும் கரையில் கப்பல் அணைய முடியாது. ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகோட்டிகளையே கானாக் கரையிலிருந்து கூட்டிவந்தார்கள். தரகர், சுமைகூலி, வரி, கமிஷன் எல்லாம் இருந்த ஒரு முழுச் சந்தை அது. தஹோமிப் படை நாகோ ஊர்களில் பிடித்தவர்களும் இங்கேதான் விற்கப்பட்டார்கள். மேஸ்திரி அன்று சொன்னது அதைத்தான்.

அந்தச் சந்தையில் எப்படி வாங்கினார்கள் என்று பிற்பாடு படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. 1700 வாக்கில் இந்தக் கரையில் இருந்த வில்லம் போஸ்மன் என்ற டச்சு வணிகர் எழுதி வைத்திருக்கிறார். பிடித்து வந்தவர்களை வெட்டவெளியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கப்பல் வைத்தியர் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் ஒவ்வொருவரையும் முழு அம்மணமாக வைத்துச் சோதிப்பார். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர், கை கால் ஊனமானவர், ஒரு பல் போனவர், நரைத்தவர், கண்ணில் படலம் விழுந்தவர் எல்லாரும் தனியாக ஒதுக்கப்படுவார்கள். மிச்சம் உள்ளவர்களை எண்ணுவார்கள், விலை பேசுவார்கள், கம்பெனி முத்திரையைக் காய்ச்சிச் சூடு போடுவார்கள். நல்லது, புள்ளி, பிஞ்சு, சொத்தை. நான் தினம் மேசையில் சொல்கிற வரிசை. முந்திரிக்கொட்டையும் மனிதனும் ஒன்றில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் பிரிப்பது, எண்ணுவது, விலை குறைப்பது என்கிற அந்தக் கை வேலை அதேதான். அந்த மைதானத்தில் பொறுமையாக, நாள் முழுக்க, தவறு வராமல் இந்த வேலையைச் செய்த ஆட்களும் சாயங்காலம் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். இதை நினைக்காமல் ஒரு வாரம் மேசையில் உட்கார முடியவில்லை.

எதைக் கொடுத்து வாங்கினார்கள்? துப்பாக்கி, வெடிமருந்து, பிரேசில் புகையிலை, சாராயம், இரும்பு. இவற்றோடு சோழியும் துணியும். நம் வீட்டில் தாயம் ஆடுகிற அதே சோழிதான். மாலத்தீவில் பொறுக்கியது, நம் பக்கத்துத் துறைமுகங்கள் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போய் ஏலம் விடப்பட்டு, மறுபடி கப்பலேறி இங்கே வந்தது. 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்தது மட்டும் சுமார் 1,000 கோடிச் சோழி என்கிறது ஒரு கணக்கு. உய்தாவில் நாற்பது சோழி ஒரு சரம், ஐந்து சரம் சேர்ந்தால் இருநூறு, அதில் இருபது மடங்கு நாலாயிரம், அப்படி ஏறிக்கொண்டே போகும். ஃபோன் மொழியில் இன்றைக்கும் பணத்துக்குப் பெயர் அக்குவே, சோழிக்கும் அதுதான் பெயர். கோட்டோனூ தந்தொக்பா சந்தையில், பூசைச் சாமான் விற்கிற பெண்களிடம் முதுகு உடைத்துக் கோர்த்த சோழியைப் பார்த்துவிட்டு எங்கள் பாட்டி ஞாபகம் வந்து சிரித்திருக்கிறேன். அது என்ன காசு என்று தெரிந்த பிறகு அந்த வரிசைப் பக்கம் போகவே கால் வரவில்லை.

துணி இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது. கினித் துணி என்று ஒரு ரகம், நீலச் சாயம் ஏற்றிய நீளத் துணி. கினியாக் கரைக்கு அனுப்பியதாலேயே அந்தப் பெயர். நெய்தது நம் சோழமண்டலக் கரை. கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தறிகள். பிரான்சில் 1686 முதல் 1759 வரை நம் சீட்டித் துணியை உடுத்தவே தடை இருந்தது, ஆனால் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினால் தடை கிடையாது. பரங்கிப்பேட்டையை வெள்ளைக்காரர்கள் போர்ட்டோ நோவோ என்றார்கள். பெனினின் தலைநகரத்துக்கும் அதே பெயர், அதுவும் ஆட்களைக் கப்பலேற்றிய துறைமுகம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு போர்ட்டோ நோவோ, நான் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. நெய்த கைகளுக்கு அந்தத் துணி எங்கே போகிறது, எதற்கு மாறுகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் பாதை இருந்தது, அதில் நாமும் இருந்தோம்.

தொந்தோன் நான்காம் நாள் திரும்பி வந்தார். சீசன் மூன்று மாதம்தான், அதை விட்டால் வருஷத்துக்குக் காசில்லை. மேஸ்திரி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பான்த்தே லாரி வந்தால் அப்புறம் அவர் மேசைப் பக்கம் வரமாட்டார், தூரத்தில் நின்றுவிடுவார்.

மேஸ்திரியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒரு முறை அபோமேக்குப் போனபோது அரண்மனைகளைக் கூட இருந்து காட்டினார். தஹோமி சும்மா ஆசைப்பட்டு மட்டும் ஆள் பிடிக்கவில்லை, பக்கத்தில் ஓயோ என்ற பெரிய ராஜ்யம் இருந்தது, அதற்கு எழுபது வருஷத்துக்கு மேல் கப்பம் கட்டினோம், துப்பாக்கி இல்லாத ஊர் அடுத்த ஊருக்கு இரையாகிவிடும், துப்பாக்கியை ஆள் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது என்றார். தஹோமியை ஆண்ட கெசோ அரசரின் தாயையே அரண்மனைச் சண்டையில் கடல் கடந்து விற்றுவிட்டார்கள் என்பது அவர்கள் குடும்பங்களில் சொல்லிவரும் செய்தி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எங்கள் அரண்மனைப் பெண்களில் பாதிப்பேர் பிடித்துவந்த நாகோப் பெண்கள்தான், என் உடம்பிலும் பான்த்தே ரத்தம் இருக்கும் என்றார். அன்று தொந்தோனிடம் அதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். பதில் சொல்லவில்லை.

ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றார்கள் என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு அங்கே ஆப்பிரிக்கர் என்று யாரும் இல்லை. ஃபோன், நாகோ, மஹி என்றுதான் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் அந்நியர், பல சமயம் எதிரி. தப்பித்தவர்கள் தாஸா மலைகளில் ஏறினார்கள். நொக்குவே ஏரித் தண்ணீருக்கு நடுவில் கால் நட்டு கான்வியே என்ற ஊரையே கட்டினார்கள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு கரும்புத் தோட்டக்காரனுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் இத்தனை ஊர்கள் ஒன்றை ஒன்று பார்த்துப் பயந்து நூற்றைம்பது வருஷம் வாழ்ந்தன. பிடித்தவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பெனின் அதிபராக இருந்த மத்தியூ கெரெக்கு 1999இல் அமெரிக்காவுக்கே போய் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். வாங்கியவர்கள் நாடுகளில் அந்த அளவுக்கு இறங்கி வந்தவர்கள் குறைவு.

2016இல் தொந்தோன் என்னை அவர் ஊருக்கு அழைத்துப் போனார். வழியில், "உங்கள் ஊரில் ஆள் விற்கவில்லையா?" என்று கேட்டார். விற்றார்கள் என்றேன். 1660 வாக்கில் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் நம் ஆட்களை வாங்கி இலங்கைக்கும் படாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியதைச் சொன்னேன். "யார் விற்றது?" என்றார். பெற்றவர்களே விற்றார்கள், பசி, தரகர்களும் விற்றார்கள் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தோம்.

அமெரிக்காவுக்குப் போனதாகத் தெரிகிற கடைசி அடிமைக் கப்பல் கிளோட்டில்டா, 1860. உய்தாவில்தான் ஏற்றினார்கள், சுமார் 110 பேர். அவர்களில் கொஸோலா என்பவர் 1935 வரை அலபாமாவில் உயிரோடு இருந்தார், விடிகிற நேரத்தில் தஹோமிப் படை ஊரைச் சூழ்ந்ததைக் கேட்டவர்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அவர் பான்த்தே பகுதிக்காரர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாங்கள் மூட்டை மூட்டையாக முந்திரி ஏற்றிய அதே சாலைத் திசையில் அவர்களை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். தொந்தோனிடம் சொன்னேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது. இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அவருடைய அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். எங்கள் நாட்டில் சோழியை உருட்டி விளையாடுவோம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அடுத்த முறை கொண்டுவா என்றார். எடுத்துப் போக மூன்று வருஷம் ஆகிவிட்டது. 2019இல், என் கடைசி சீசனில், பாட்டியின் சுருக்குப்பையை அப்படியே கொடுத்தேன். பாயில் கொட்டி, விரலால் ஐந்து ஐந்தாக ஒதுக்கி எண்ணினார். எங்கள் சோழிகளில் முதுகு உடைக்காமல் இருப்பதைத் தடவிப் பார்த்தார். முப்பத்தொன்று இருந்தது. ஒரு சரத்துக்கு ஒன்பது குறைகிறது என்று மகனிடம் நாகோவில் சொன்னார்.