வளைவில் மட்டும் ஊமையாகும் ஆம்னி ஹாரன்

எங்கள் மாருதி ஆம்னி வேன் 2003 மாடல். அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். அக்கா குடும்பம் வால்பாறையில் இருப்பதால் மாதம் ஒரு தடவையாவது அம்மாவை அழைத்துக்கொண்டு மலை ஏறிவிடுவேன். ஆழியாறில் தொடங்கினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் எதிரே வருகிற வண்டி கண்ணில் படாது, காதில்தான் விழும். ஹாரன் இல்லாமல் அந்த ரோட்டில் போகக்கூடாது.

போன வருஷம் ஆனி மாதம் இறங்கி வரும்போது ஒரு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே ஹாரனை அமுக்கினேன். சத்தமே வரவில்லை. கீழிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. நான் பிரேக் போட்டு நின்றபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளிதான். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, ஒதுங்க வேண்டியவன் நான். ரிவர்ஸ் எடுத்து வழி விட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்திருந்த கையை அடிவாரம் வரை எடுக்கவில்லை.

பொள்ளாச்சி வந்ததும் ஒரு கடையில் காட்டினேன். அமுக்கிப் பார்த்தார்கள், ஒரு தடவை அடித்தது, ஒரு தடவை அடிக்கவில்லை. "ஹாரன் போயிருச்சுங்க" என்று புது செட் மாட்டினார்கள். இரண்டு நாள் நன்றாக அடித்தது. மூன்றாம் நாள் காந்தி மார்க்கெட் பக்கம் திரும்பும்போது பழையபடி ஊமை. அப்போதுதான் ஒன்று புரிந்தது: நேராகப் போகும்போது அடிக்கிறது, திரும்பும்போதுதான் அடிப்பதில்லை. கடையில் வண்டியை நேராக நிறுத்தியே சோதித்திருந்தோம்.

பிறகு உறவுக்காரர் ஒருவர் சொல்லி, வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வியே, "அடிக்காதப்ப டிக்குன்னு சத்தமாச்சும் வருதுங்களா தம்பி?" இல்லை என்றேன். டிக் சத்தம் கேட்டால் கரண்டு ஹாரன் வரை போகிறது, உள்ளே பாயிண்ட் (கரண்டை இணைத்து அறுக்கும் தொடுமுனை) ஒட்டியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் கரண்டின் பாதையிலேயே கோளாறு. ஹாரனுக்குள் ஒரு காயில், ஒரு தகடு, ஒரு பாயிண்ட். காயில் தகட்டை இழுக்கும், இழுத்ததும் பாயிண்ட் விலகிக் கரண்டு அறும், தகடு திரும்பி வரும். விநாடிக்குச் சுமார் 400 தடவை இப்படி நடப்பதுதான் நமக்குக் கேட்கிற சத்தம்.

எங்கள் வண்டியில் பேட்டரி கரண்டு ஃபியூஸ் வழியாக எப்போதும் ஹாரனில் வந்து நிற்கும். ஸ்டியரிங்கில் அமுக்கும்போது மறுமுனை எர்த் ஆகும், அதாவது வண்டியின் பாடி வழியாகப் பேட்டரியின் மைனஸோடு சேரும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, அவர் டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டி ஹாரனின் ஒரு முனையைத் தொட்டார், எரிந்தது. மறுமுனையைத் தொட்டார், அங்கும் எரிந்தது. காயில் அறுபடவில்லை. அந்த முனையிலிருந்து ஒரு துண்டு வயரைப் பாடியில் வைத்ததும் தெருவே அதிரும்படி அடித்தது. ஃபியூஸ், ஹாரன் இரண்டும் சரி. கழற்றிப் போட்ட பழைய ஹாரனும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பணத்தைவிட, அந்த இரண்டு நாள் சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டியதுதான் உறுத்தியது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை எடுத்தோம். நடு நட்டை முழுவதும் கழற்றாமல் நாலு புரி விட்டு வைத்து, பிறகுதான் வீலை ஆட்டி இழுத்தார். இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு வந்து மூக்கில் அடிக்குமாம். தண்டிலும் வீலிலும் சாக்பீஸால் ஒரு கோடு, திரும்ப மாட்டும்போது கோணம் மாறாமலிருக்க.

வீலின் பின்புறம் ஒரு பித்தளை வளையம். அதைத் தொட்டபடி கீழே ஸ்பிரிங் வைத்த சின்னப் பின். பின் தேய்ந்து குட்டையாகிவிட்டது. வளையத்தில் ஒரு பக்கம் நகக்கண் அளவுக்குக் கருகி உள்வாங்கியிருந்தது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பின் எட்டவில்லை, ஹாரன் அடிக்கவில்லை.

காரணமும் அவரே சொன்னார். அப்பா ஒரு காலத்தில் ஒற்றை ஹாரனை எடுத்துவிட்டு இரட்டை ஹாரன் மாட்டியிருந்தார், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல். இரண்டும் சேர்ந்து இழுக்கிற 8 ஆம்பியர் வாக்கிலான கரண்டு முழுவதும் அந்தப் பின் வழியாகவே போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு பொறி. இத்தனை வருஷம் தாங்கியதே பெரிய விஷயம்.

வளையமும் பின்னும் கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தன. வளையத்தை எமரி பேப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். நாலு பின் ரிலே ஒன்று சேர்த்தார். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எண் உண்டு: 30-இல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர், 87-இல் ஹாரன், 86-இல் கரண்டு, 85-இல் ஸ்டியரிங் வயர். ஹாரனின் மறுமுனையைத் துருவைச் சுரண்டிவிட்டு நேராகப் பாடியில் எர்த் செய்தார். இப்போது ஸ்டியரிங் பின் வழியாகப் போவது ரிலே காயிலை இழுக்கிற கரண்டு மட்டும், கால் ஆம்பியர்கூட வராது.

முடித்ததும் ஸ்டியரிங்கை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்பிக்கொண்டே விடாமல் அமுக்கச் சொன்னார். ஒரு இடத்திலும் சத்தம் அறவில்லை. பழைய ஆம்னி வைத்திருக்கிறவர்கள் இந்தச் சோதனையை இன்றைக்கே செய்து பாருங்கள், அரை நிமிஷ வேலை. நான் ஒவ்வொரு முறையும் ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிச் செய்கிறேன். மழைக்காலமாக இருந்தால் ரிலே பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.