ஒரே ஓவன், பத்துப் பேர், நான்கு மணிச் சாப்பாடு

நவம்பரின் நான்காவது வியாழனில் அமெரிக்காவில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மெனு போட உட்கார்ந்தால் முதலில் கை எழுதுவது பதார்த்தங்களின் பெயர்களைத்தான். வான்கோழி, ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுக் கலவை), கிரேவி, மசித்த உருளை, கிரான்பெரி, பச்சை பீன்ஸ், பூசணிப் பை (மாவு ஓட்டில் சுடும் இனிப்பு, pie) என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதற்கு முன்பு எழுத வேண்டியது வேறு: எந்த மணியில் ஓவன் எதற்கு. அமெரிக்க வீடுகளில் மேலே நாலைந்து பர்னர் இருந்தாலும் ஓவன் பெரும்பாலும் ஒன்றுதான். வழக்கமான முறையில் வான்கோழி அதை மூன்று மணிநேரத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். பைக்கு ஒரு சூடு, பன்னுக்கு இன்னொரு சூடு. வியாழக்கிழமை மதியம் சாப்பாடு தாமதமாகும் வீடுகளில் தகராறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே கணக்கை மாதிரிக்கு ஒன்று வைத்துப் பார்ப்போம். பத்துப் பேர், அதில் நான்கு பேர் சைவம். சாப்பாடு மாலை நான்கு மணிக்கு. ஒரு ஓவன், அதற்குள் இரண்டு தட்டு. கீழே சொல்லும் சூடெல்லாம் ஓவனில் இருக்கிற ஃபாரன்ஹீட் கணக்கு.

எதை வைப்பது, எதை விடுவது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தைரியம்: இந்த மெனு வேதவாக்கு இல்லை. 1621இல் ஆங்கிலேயர் குடியேறிய பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி, குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவைகளும், அங்கிருந்த பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் இருக்கின்றன; வான்கோழி என்று பெயர் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு அன்று அங்கே கிடையாது. பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் பல வருடம் பத்திரிகையில் எழுதியும் கடிதம் போட்டும் வற்புறுத்தியபின், 1863இல் அதிபர் லிங்கன் இதைத் தேசிய நாளாக அறிவித்தார். நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டத்தில் ஏறியது 1941இல். பச்சை பீன்ஸ் கேசரோல் (ஓவனில் வேகும் கலவைப் பதார்த்தம்) 1955இல் கேம்பல் சூப் கம்பெனியின் சமையலறையில் டோர்கஸ் ரெய்லி குழு உருவாக்கியது. (பிளிமத்திலேயே 1970 முதல் பூர்வகுடி மக்கள் இதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். குழந்தைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் காகிதத் தொப்பிக் கதையோடு இதையும் சொல்லிவிடலாம்.) ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். தெற்கே ரொட்டிக்குப் பதில் கார்ன்பிரெட் டிரெஸ்ஸிங். பூசணிப் பைக்குப் பதில் சர்க்கரைவள்ளிப் பை. கறுப்பின மக்களின் வீடுகளில் ஓவனில் வைத்த மக்ரோனி சீஸ் இல்லாமல் இலையே போட மாட்டார்கள். மினசோட்டா பக்கம் ஸ்டஃபிங்கில் காட்டரிசி. வருகிறவர்களிடம் "இது இல்லைன்னா தேங்க்ஸ்கிவிங்கே இல்லைன்னு நீங்க நினைக்கிற ஐட்டம் எது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மூன்று நான்கை வையுங்கள். மற்றதை யாரும் தேட மாட்டார்கள்.

இனி பறவை. எலும்போடு சேர்த்து ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு போதும். சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர் என்றால் 6 முதல் 9 பவுண்டு; வெள்ளிக்கிழமை மிச்சத்துக்கும் சேர்த்து 10 முதல் 12 பவுண்டு. நவம்பரில் கடைக்காரர்கள் மலிவு விலையில் தள்ளிவிடும் 20 பவுண்டுக்காரனை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். உள்ளே வேகுமுன் மேலே காய்ந்துபோகும், ட்ரேயிலும் அடங்காது.

உறைந்த பறவை ஃப்ரிட்ஜில் இளக, 4–5 பவுண்டுக்கு ஒரு முழு நாள். 12 பவுண்டுக்கு மூன்று நாள். சனி இரவே ஃப்ரீசரிலிருந்து இறக்கி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், விளிம்புள்ள ட்ரேயில் வையுங்கள். தோசைமாவுப் பாத்திரத்துக்கு மேல் தட்டில் வைத்தால் இளகும் நீர் எங்கே சொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதன் காலையிலும் நடுவில் கல்லாக இருந்தால், பொதியைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் முக்கி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். முழுக்க உறைந்ததற்குப் பவுண்டுக்கு அரைமணி, அதாவது ஆறு மணிநேரம். வெந்நீரும் வேண்டாம், கவுன்டர்மேல் இரவு முழுக்க வைப்பதும் வேண்டாம்; வெளிப்பக்கம் கெடத் தொடங்கியிருக்கும், உட்பக்கம் இன்னும் பனிக்கட்டியாக இருக்கும்.

நம் கை சும்மா இராமல் அடுத்துச் செய்வது, மஞ்சள் போட்டு சிங்க்கில் மூன்று தண்ணீர் கழுவுவது. வான்கோழியைக் கழுவவே கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. தெறிக்கும் நீரோடு கிருமி சிங்க்கு, கவுன்டர், பக்கத்தில் வைத்த கொத்தமல்லி வரை பரவும். மஞ்சள் வேண்டுமானால் தடவிக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் வேண்டாம், பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள். ஈரத் தோல் மொறுமொறுக்காது.

முழுப் பறவையாக வைப்பதா, முதுகெலும்பை எடுத்துத் தட்டையாக விரிப்பதா? ஒரே ஓவன் உள்ள வீட்டில் இதில் விவாதமே இல்லை, விரித்துவிடுங்கள். முழுசாக வைத்தால் 325 டிகிரியில் மூன்று மணிநேரம் ஆகும். விரித்தால் 425 டிகிரியில் 80–90 நிமிடம். மேசை நடுவில் முழுப் பறவையைக் கொண்டுவந்து வைக்கும் அந்தக் காட்சி போய்விடும், அவ்வளவுதான். புதன்கிழமை, பறவையை மார்புப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கழுத்து, கல்லீரல், கல்லை (பறவையின் இரைப்பை) இருக்கும் பையை வெளியே எடுங்கள் (இதை மறந்து பையோடு வேகவைப்பது வருடாவருடம் எங்காவது நடக்கிறது). வால் பக்கமிருந்து முதுகெலும்பின் இரண்டு ஓரமும் கனமான கிச்சன் கத்தரியால் வெட்டிக்கொண்டே போங்கள். தொடை சேரும் இடத்தில் கத்தரி தடுக்கும். அங்கே பலத்தைக் காட்டாமல் கத்தரியைக் கால் அங்குலம் வெளியே நகர்த்தினால் மூட்டு வழிவிடும். எலும்பை எடுத்தபின் திருப்பிப் போட்டு, மார்பெலும்பின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்துங்கள். "டக்" என்று கேட்டால் தட்டையாகிவிட்டது.

உப்பு: 5 பவுண்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கோஷர் உப்பு (பரலான உப்பு), 12 பவுண்டுக்கு இரண்டரை. வீட்டில் தூள் உப்புதான் என்றால் பாதி அளவே போடுங்கள், தூள் நெருக்கமாக அடையும். முதலில் லேபிளைப் படிக்க வேண்டும். உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது என்றோ கோஷர் (யூத முறைப்படி பக்குவப்படுத்திய) பறவை என்றோ இருந்தால் ஏற்கெனவே உப்பேறியது, கூடுதல் உப்பு வேண்டாம். தடவி, மூடாமல், இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோல் காகிதம்போல உலர்ந்திருந்தால் சரி.

மசாலா போடுகிறவர்கள் தயிரையும் மிளகாய்த்தூளையும் தோல்மேல் பூசாதீர்கள். 425 டிகிரியில் மிளகாய்த்தூள் கருகும், தயிரின் ஈரம் தோலைத் தோல்பையாக்கும். மார்புத் தோலை விரலால் மெல்லத் தளர்த்தி, வெண்ணெயில் இஞ்சி-பூண்டு, மிளகு, சோம்புத்தூள் குழைத்து உள்ளே தடவுங்கள். மேலே எண்ணெய் மட்டும்.

வெட்டி எடுத்த முதுகெலும்பு, கழுத்து, கல்லையை வெங்காயம், கேரட், செலரியோடு புதன் மாலை வதக்கி, இரண்டு லிட்டர் நீரில் இரண்டு மணிநேரம் கொதிக்கவிட்டால் கிரேவிக்குச் சாறு தயார். பறவையை விரிப்பதன் உண்மையான லாபம் இதுதான்: கிரேவியை முந்தின நாளே முடித்துவிடலாம். 8 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போய் பொன்னிறமாகும்வரை வறுத்து, நான்கு கப் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். இதில் உப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். மறுநாள் ட்ரேயில் இறங்கும் சாறு தானே உப்புக் கொண்டுவரும். சைவத்துக்கு இதே கணக்கில் காளான் வதக்கிக் காய்கறிச் சாறு ஊற்றி இன்னொரு பாத்திரம், கரண்டியும் தனி.

சைவம் என்று நம்பி ஏமாறும் இடங்கள் சில உண்டு. பெட்டியில் வரும் ஸ்டஃபிங் கலவை பலவற்றில் கோழிச் சாறு, மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், கடையில் வாங்கும் பை ஓடு சிலவற்றில் பன்றிக் கொழுப்பு, வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி. பொதுவாகப் பரிமாறும் எல்லாவற்றையும் காய்கறிச் சாற்றிலேயே செய்துவிட்டால் தொல்லை விட்டது. இறைச்சி, பறவையிலும் ஒரு கிரேவியிலும் மட்டும் நிற்கட்டும். சைவக்காரர்களுக்கு முக்கியப் பதார்த்தம் ஓவன் கேட்காததாக இருக்க வேண்டும். அதனால்தான் காளான் பிரியாணிக்கு இந்த மெனுவில் நியாயமான இடம் இருக்கிறது; இன்ஸ்டன்ட் பாட் மின்குக்கரில் முடியும், ஊற்ற கிரேவியும் தேவையில்லை.

ஸ்டஃபிங்கைப் பறவைக்குள் அடைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். உள்ளே அடைத்தது 165 டிகிரியைத் தொடுமுன் மார்புக்கறி சக்கையாகிவிடும். ஒரு பவுண்டு ரொட்டியைத் துண்டாக்கித் திங்கள் முதலே உலரவிடுங்கள். புது ரொட்டி போட்டால் களியாகும். வெண்ணெய் ஒரு ஸ்டிக், வெங்காயம் இரண்டு, செலரி மூன்று தண்டு, சேஜ், தைம், சாறு இரண்டரை கப், முட்டை இரண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் அதை விட்டுவிட்டு அரைக் கப் சாறு கூட்டுங்கள்.

மசித்த உருளைக்கு ஆளுக்கு அரை பவுண்டு, மொத்தம் 5 பவுண்டு யூகான் கோல்டு வகை. குளிர்ந்த உப்புநீரில் போட்டு வேகவைத்து, வடித்து, பாத்திரத்திலேயே ஒரு நிமிடம் ஈரம் ஓட்டி, முதலில் வெண்ணெய், பிறகு சூடான பால். மிக்சியிலோ ஃபுட் பிராசஸரிலோ போட்டால் மாவுச்சத்து முழுக்க வெளியேறி போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும், திருப்ப வழியில்லை. கையால் மசியுங்கள். ஸ்லோ குக்கரில் மிதச்சூட்டில் இரண்டு மணிநேரம் தாங்கும்.

சர்க்கரைவள்ளி வாங்கும்போது "யாம்" என்ற பலகையைப் பார்த்துச் சேனைக்கிழங்கு என்று எண்ணித் தாண்டிப் போய்விடாதீர்கள். அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் கிடப்பது பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியேதான்.

கிரான்பெரி சாஸ் திங்களே செய்துவிடலாம். 12 அவுன்ஸ் பொதி ஒன்று, சர்க்கரை ஒரு கப், தண்ணீர் ஒரு கப். பழம் வெடித்துப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். சூட்டில் ரசம்போலத்தான் ஓடும். ஆறியதும் பழத்திலுள்ள பெக்டின் இறுக்கும். இறுகவில்லையே என்று மேலும் காய்ச்சினால் பெக்டின் உடையும். இன்னொரு பொதி வாங்கித் தொக்கும் போடுங்கள்: நல்லெண்ணெய் நான்கு டேபிள்ஸ்பூன், கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் ஒன்றரை டேபிள்ஸ்பூன், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன், நெல்லிக்காயளவு வெல்லம். புளி வேண்டாம், இந்தப் பழத்தின் புளிப்பே பல்லைக் கூசவைக்கும். எண்ணெய் பிரியும்போது இறக்குங்கள்.

பூசணிப் பை புதன்கிழமை வேலை. 15 அவுன்ஸ் டின் பூசணி விழுது, 12 அவுன்ஸ் எவாபரேட்டட் பால் (இனிப்பில்லாமல் சுண்டிய பால்), முட்டை இரண்டு, சர்க்கரை முக்கால் கப், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சுக்கு அரை, கிராம்பு கால், உப்பு அரை. இரண்டு தப்பு அடிக்கடி நடக்கும். விழுது என்று நினைத்து, ஏற்கெனவே இனிப்பும் மசாலாவும் சேர்த்த பை கலவை டின்னை எடுப்பது ஒன்று. மில்க்மெய்ட் மாதிரி இனிப்புப் பாலை ஊற்றுவது இன்னொன்று. 425இல் 15 நிமிடம், பிறகு 350இல் 40–50 நிமிடம். ஓரம் இறுகி, நடுப்பகுதி உறைந்த தயிர்ச் சட்டியை அசைத்தால் ஆடுவதுபோல ஆடும்போதே எடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை விட்டால் ஆறும்போது நடுவே வெடிக்கும்.

வியாழன். 12.50க்கு ஓவனை 425க்கு ஏற்றுங்கள். ட்ரேயில் வெங்காயம், கேரட், ஒரு கப் நீர், மேலே கம்பித்தட்டு, அதன்மேல் பறவை. நீர் இல்லையென்றால் சொட்டும் கொழுப்பு புகைந்து அலாரம் அலறும். 1.20க்கு உள்ளே. இரண்டு மணிக்கு உருளை அடுப்பில் ஏறட்டும். 2.30க்கு மார்பின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், வெப்பமானியைக் குத்துங்கள், தொடையிலும் பாருங்கள். மார்பு 165, தொடை 175. பறவையோடு வரும் பிளாஸ்டிக் பொத்தான் குதிப்பதற்குக் காத்திருந்தால் அது குதிக்கும்போது கறி காய்ந்திருக்கும். 2.50 வாக்கில் வெளியே எடுத்து அரைமணியாவது ஆறவிடுங்கள், உடனே அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடும். ஓவனை 375க்கு இறக்கி, மூன்று மணிக்கு ஸ்டஃபிங் ஒரு தட்டு, பீன்ஸ் கேசரோல் ஒரு தட்டு. மூடிவைத்த ஸ்டஃபிங்கை 3.25க்குத் திறந்துவிடுங்கள். கேசரோலின் வறுத்த வெங்காயம் கடைசி ஐந்து நிமிடம் மட்டும், முன்பே போட்டால் கரி. 3.45க்கு பன். மூன்றாவது ட்ரே கேட்கும் பதார்த்தம் எதுவும் மெனுவில் இருக்கக் கூடாது. மக்ரோனி சீஸ் வேண்டும் என்றால் பீன்ஸை அடுப்புக்கு மாற்றிப் பொரியலாக்குங்கள்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது மூன்றரை மணிக்கு ஃபாயில் மூடிய ட்ரேயோடு வாசலில் நிற்கும் விருந்தினர்: "அக்கா, ஒரு பத்து நிமிஷம் ஓவன்ல வச்சுக்கவா?" ஆகவே யார் என்ன கொண்டுவருவது என்று முன்பே பிரிக்கும்போது சாலட், பழம், ஐஸ்கிரீம், பச்சடி, பானம் என்று குளிர்ந்த பக்கமாகவே கொடுங்கள். எண்ணெயில் முழுப் பறவையைப் பொரிக்கிறேன் என்று யாராவது முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வருடத்தில் வீட்டுச் சமையல் தீ விபத்து அதிகம் பதிவாகும் நாள் இதுதான். இளகாத பறவையின் பனிநீர் கொதிக்கும் எண்ணெயில் இறங்கினால் பொங்கி வழிந்து நேரே நெருப்பில் விழும்.

மிச்சத்தை எலும்பிலிருந்து உதிர்த்து, சமைத்து எடுத்த இரண்டு மணிநேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை அந்த வெள்ளைக்கறி சாண்ட்விச்சைவிடக் கொத்துப் பரோட்டாவில் நன்றாகச் சேரும், சால்னாவின் ஈரம் அதற்குத் தேவை. எலும்பை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு குக்கரில் முக்கால் மணிநேரம் விட்டு வடித்தால் எலும்பு ரசம். உப்பை ருசி பார்த்தபின் போடுங்கள், புதன்கிழமை தடவியது இன்னும் அதில் இருக்கும்.