ஒரு புரதத்தின் நிறையை அறிய நான் பட்ட பாடு

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் எடுத்துக்கொண்ட பாக்டீரிய நொதி, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒற்றைப் பட்டையாகத்தான் ஓடியது. ஆயினும் அதன் கட்டமைப்பை அறிவதற்காகப் படிகமாக்கும் முயற்சிகளில் மெல்லிய ஊசிக் கொத்துகளைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. மாதிரி முழுவதும் ஒரே வகை மூலக்கூறுதானா என்பதை அறிய முழுப் புரதத்தின் நிறையை அளந்துவிடலாம் என்றார் என் வழிகாட்டி. எங்கள் துறையில் மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாததால், வெளியூரிலுள்ள ஒரு பொது ஆய்வுக்கூடத்தை நாட வேண்டியிருந்தது. அளவீடு சில நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த காகித வேலைகளில்தான் ஒரு பருவமே கழிந்தது.

விண்ணப்பம், கட்டணம், துறைத்தலைவரின் கையொப்பம் எல்லாம் தடையின்றி முடிந்தன. உலர்பனி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியுடன் இரவுப் பேருந்தில் சென்று, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வரவேற்பு மேசையை அடைந்தேன். பதிவாளர் அலுவலக முத்திரை இல்லை என்று எழுத்தர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். அப்படியொரு முத்திரை தேவை என்று படிவத்திலும் இல்லை, அவர்கள் அனுப்பிய அறிவுறுத்தலிலும் இல்லை. "முத்திரை இல்லாம டோக்கன் போட முடியாதும்மா, திங்கக்கிழமை வாங்க" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. மாதிரியையாவது உங்கள் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்திருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பதிவாகாத பொருளை உள்ளே வைக்க முடியாது என்றார். ஊர் திரும்புவதற்குள் உலர்பனி முழுவதும் ஆவியாகி, பல வாரம் செலவிட்டுத் தூய்மைப்படுத்திய புரதம் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாகப் புரதம் தயாரித்து, முத்திரையுடன் மீண்டும் சென்றபோது மாதிரியை ஏற்றுக்கொண்டார்கள். பஃபரில், அதாவது புரதம் கரைந்திருக்கும் கரைசலில், என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை, படிவத்திலும் அதற்கு இடமில்லை. இதை முதன்முறை செல்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஜான் ஃபென்னுக்கு 2002-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த, கரைசலை மின்னூட்டிய நுண்துளிகளாகத் தெளித்து நிறையை அளக்க உதவும் எலக்ட்ரோஸ்பிரே முறை உப்பையும் கிளிசராலையும் சிறிதும் பொறுத்துக்கொள்ளாது. ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சோடியமும் 22 டால்டனை (மூலக்கூறு நிறையின் அலகு) கூட்டி, வரைபடத்தில் நிறையைக் காட்டும் சிகரத்தை அகலமாக்கி மங்கச் செய்யும். டிரைட்டான் போன்ற சோப்புப் பொருள்கள் 44 டால்டன் இடைவெளியில் வரிசையாகச் சிகரங்களை எழுப்பிப் புரதத்தையே மறைத்துவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே மாதிரியை அம்மோனியம் அசிட்டேட்டுக்கு மாற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்திருந்தேன்.

சில வாரங்களுக்குப் பின் வந்த அறிக்கை ஒரே பக்கம். எதிர்பார்த்த நிறை காணப்படவில்லை, மாதிரி சிதைந்திருக்கலாம் என்று மட்டும் அதில் இருந்தது. மூலத் தரவுக் கோப்பைக் கேட்டபோது, அறிக்கை மட்டுமே வழங்கப்படும் என்று அதே மேசையிலிருந்து பதில் வந்தது. என் வழிகாட்டி கடிதம் எழுதியும் பயனில்லை. கடைசியில், அங்கே பணிபுரியும் ஆய்வாளர் ஒருவரை நேரில் சந்தித்து நிலைமையை விளக்கினேன். அவர் சிறிதும் தயங்காமல் கோப்பைப் படியெடுத்துத் தந்தார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோப்பைத் திறந்ததும் புரதம் சிதையவே இல்லை என்பது தெரிந்தது. முதல் சிகரம் கணக்கிட்ட நிறையைவிட 131 டால்டன் குறைவாக இருந்தது. அது புரதச் சங்கிலியின் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினின் நிறை; தொடக்க மெத்தியோனினை பாக்டீரியாவே வெட்டி நீக்குவது மிக இயல்பான நிகழ்வு. அறிக்கை எழுதியவர் அதைக்கூடக் கருத்தில் கொள்ளவில்லை. அந்தச் சிகரத்துக்கு மேலே 178, 258 டால்டன் கூடுதலாக மேலும் இரண்டு சிகரங்கள் நின்றன. புரதத்தைத் தயாரிக்க நான் பயன்படுத்திய பிஎல்21 வகை ஈ.கோலை பாக்டீரியாவில், ஃபாஸ்போகுளுக்கோனோலாக்டோனை உடைக்கும் நொதி இல்லை. அதனால் தேங்கும் அந்தச் சர்க்கரைப் பொருள், தூய்மைப்படுத்த வசதியாகப் புரதத்தில் சேர்க்கும் ஹிஸ்டிடின் வால் இருக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு 258 டால்டனைக் கூட்டுகிறது. பின்னர் அதிலிருந்து பாஸ்பேட் கழன்றால் எஞ்சுவது 178. 1999-இலேயே பதிவான செய்தி இது. ஜெல்லில் ஒரே பட்டையாகத் தோன்றியது உண்மையில் மூன்று வகை மூலக்கூறுகளின் கலவை என்று கண்ட அன்று இரவு மகிழ்ச்சியில் எனக்கு உறக்கமே வரவில்லை.

திராம்பின் என்னும் புரதம் வெட்டும் நொதியைக் கொண்டு அந்த வாலை வெட்டியதும், ஒட்டியிருந்த சர்க்கரையும் அதனுடன் சேர்ந்து போயிற்று. மறு அளவீட்டில் ஒரே சிகரம், கணக்கிட்ட நிறையிலிருந்து ஒரு டால்டனுக்குள். அதன்பின் நல்ல படிகங்கள் வளர்ந்தன, கட்டமைப்பும் கிடைத்தது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் எங்கள் மாதிரியமைப்பின் கோணங்களைச் சரிபார்த்தபோது, தடைப்பட்ட பகுதியில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

இப்பாதையில் செல்பவர்கள், எந்தெந்த முத்திரைகள் வேண்டும் என்பதைப் புறப்படுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துவடிவில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். மாதிரியை ஒருபோதும் ஒரே குழாயில் எடுத்துச் செல்லாமல், பாதியை ஆய்வகத்திலேயே உறைய வைத்துவிட்டுச் செல்லுங்கள். மூலத் தரவும் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பழைய கோப்புகளை அழித்துவிடும் ஆய்வுக்கூடங்கள் உண்டு என்பதால், கிடைத்த அன்றே வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். படிவத்தில் பஃபருக்கு ஓர் இடமும், தேவையான முத்திரைகளின் பட்டியலும் சேர்க்க வேண்டும் என்று அந்த ஆய்வுக்கூடத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை, மீண்டும் எழுதுவேன்.