ஃபேனைப் பார்த்தபடி 22 நிமிடம்

நான் ஆன்லைனில் நடத்தும் மனநல ஆலோசனையின் ஆறாவது செஷனில் அந்தப் பெண்ணிடம் கேமராவைப் போடச் சொன்னது சரிதானா என்ற கேள்வி எனக்குள் இன்னும் ஓயவில்லை. சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன: "இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கேமரா போட்டுப் பேசலாமாம்மா?" உத்தரவு இல்லை, கேள்விதான். ஆனால் 16 வயதுப் பிள்ளையிடம் பெரியவர் ஒருவர் 'லாமா' போட்டுக் கேட்டால், அதுவும் உத்தரவாகத்தான் காதில் விழும்.

சில நொடிகள் பதில் இல்லை. பிறகு கேமரா ஆன் ஆனது. திரையில் முகம் இல்லை, சீலிங் ஃபேன் இருந்தது. போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்திருந்தாள். ஃபேன் சுற்றவில்லை. இறக்கை ஓரத்தில் கறுப்பாகப் படிந்திருந்த தூசிகூடத் தெரிந்தது. மைக்கில் இரைச்சல் வருகிறது என்று முதல் செஷனில் நான்தான் அதை நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஐந்து வாரமாகக் கதவைச் சாத்தி, அந்தப் புழுக்கத்தில் 40 நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போட்டுட்டேன் மிஸ்" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

அவளுடைய அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பிளஸ் ஒன். வகுப்பில் வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். காலையில் வயிற்றுவலி, பிறகு லீவு லெட்டர், பிறகு வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகாமல் இருப்பது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

முதலில் கேமரா வேண்டாம் என்று நான் ஒத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. சமூகப் பதற்றம், அதாவது மற்றவர்கள் தன்னையே கவனிப்பார்கள் என்ற பயம், உள்ள பிள்ளைகளை வீடியோ காலில் அதிகம் வாட்டுவது எதிரில் இருப்பவரின் முகம்கூட இல்லை, ஓரத்துக் கட்டத்தில் தெரியும் தங்கள் முகம்தான். நாம் கேட்டது பாதிதான் அவர்களிடம் போய்ச் சேரும், மீதிக் கவனம் மூக்கிலும் பருவிலும் இருக்கும். ஜூமிலும் கூகுள் மீட்டிலும் தன் முகத்தைத் தன் திரையில் மட்டும் தெரியாதபடி மறைக்கும் வசதி உண்டு. கேமரா பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைச் செய்ய வைக்க வேண்டும். கொஞ்ச நாள் குரல் மட்டும் போதும் என்று விட்டால்தான் சிலர் வரவே செய்வார்கள்.

ஆனால் அப்படியே விட்டால் கேமராவை அணைப்பதே பயத்தைத் தவிர்க்கும் வழியாகிவிடும். கொரோனா போன பிறகும் மாஸ்க்கைக் கழற்றாத பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறோம். 'மறைச்சதாலதான் தப்பிச்சேன்' என்று மனது கணக்கு எழுதிக்கொள்ளும். மறைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்றுக்கொள்ள வாய்ப்பே இருக்காது. ஆகவே என்றாவது ஒருநாள் கேட்கத்தான் வேண்டும். இதுவரைக்கும் பாடப்புத்தகம் என் பக்கம்தான்.

ஆனால் நான் கேட்டது வரிசைப்படி இல்லை. அவள் பயப்படும் விஷயங்களைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி நாங்கள் சேர்ந்து போட்ட படிக்கட்டில் ஒன்பது படிகள், ஒவ்வொன்றுக்கும் அவளே 0 முதல் 10 வரை பயத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தாள். தோழிக்கு வாய்ஸ் நோட் அனுப்புவது 2. மருந்துக் கடைக்குப் போன் போட்டு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்பது 4. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிப்பது 9. ஒவ்வொரு படிக்கும் முன்னால் 'என்ன நடக்கும்னு நினைக்கிற?' என்று ஒரு வரி எழுத வேண்டும். முடிந்தபின் என்ன நடந்தது என்று பக்கத்தில் இன்னொரு வரி. மருந்துக் கடைக்கு அவள் எழுதியது, 'குரல் நடுங்கும், அவர் சிரிப்பார்.' நடந்தது, 'நடுங்குச்சு. பத்து மணின்னு சொல்லி வச்சிட்டார்.' அந்த இரண்டு வரிக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் சிகிச்சை. பயம் அப்போதே குறைந்துவிட வேண்டும் என்றுகூட இல்லை.

நான் கேட்ட கேமரா அந்த ஒன்பதில் எதுவுமே இல்லை. பிறகு கேட்டபோது 8 என்றாள். மருந்துக் கடையிலிருந்து நேராக எட்டுக்குத் தூக்கியிருக்கிறேன். முன்னால் எழுத வேண்டிய வரியையும் எழுத வைக்கவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் அது பயிற்சி இல்லை, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது மட்டும்தான்.

ஏன் அப்படிக் கேட்டேன்? அன்று பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். ஒரு நிமிடத்துக்கு மேல் சத்தமே இல்லை. நேரில் என்றால் அழுகிறாளா, யோசிக்கிறாளா என்று பார்த்தாலே தெரியும். குரல் மட்டும் இருக்கும்போது அந்த மௌனம் அழுகையாக இருக்கலாம், அறைக்குள் யாரோ வந்ததாக இருக்கலாம், நெட் போனதாகவும் இருக்கலாம். இதற்காகத்தான் ஒவ்வொரு செஷனின் முதல் ஐந்து நிமிடத்தை ஒதுக்குகிறோம்: இப்போது எங்கே இருக்கிறாய், வீட்டில் யார் யார், ஹெட்போன் இருக்கிறதா, கால் கட்டானால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, அவசரம் என்றால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் யார். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐயும் கொடுத்துவைக்கிறோம். யாராவது உள்ளே வந்தால் சாட்டில் '1' என்று போட வேண்டும், என் கேள்வியை உடனே 'ஆமா', 'இல்ல' என்று சொல்லும்படி மாற்றிக்கொள்வேன். அவளோடும் இந்த ஏற்பாடு இருந்தது. நான் "யாராச்சும் வந்தாங்களாம்மா?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்த மௌனத்தில் பதறியது நான், அதற்குப் பரிகாரமாக அவள் முகத்தைக் கேட்டேன்.

இப்படி எழுதிவிட்டு, பார்க்க முடியாத பிள்ளையின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருப்பவர் பார்க்க விரும்புவதில் என்ன தவறு என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மைதான்.

என்னை இதைவிட அதிகம் உறுத்துவது அந்தப் 'பரவாயில்ல'தான். மிச்சமிருந்த 22 நிமிடமும் ஃபேனைப் பார்த்துத்தான் பேசினோம். எட்டு மதிப்பெண் பயத்தை அவள் தானாகவே பாதியாக வெட்டி, தன்னால் முடிந்த ஒரு படியைச் செய்து காட்டியிருக்கிறாள். கேமரா ஆன், முகம் இல்லை. நான் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல இடைப்படி கிடைத்திருக்காது. "இதுக்கு எத்தனை மார்க் போடுவ?" என்று கேட்டிருக்க வேண்டும். 'பரவாயில்ல' என்றால் நீ குறைவாகத்தான் செய்தாய், மன்னித்துவிட்டேன் என்று பொருள்.

அடுத்த வாரம் மெசேஜ் வந்தது: 'இந்த வாரம் வேண்டாம் மிஸ்.' அதற்கடுத்த வாரமும். அதன்பின் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் அம்மா போன் செய்தார். பள்ளிக்குப் போகிறாளாம். காலாண்டுத் தேர்வு ஆறு தாளும் எழுதிவிட்டாளாம். "எல்லாம் உங்களாலதாங்க."

என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அம்மாவோடு தனியாக இரண்டு செஷன் பேசியிருந்தோம். லீவு லெட்டர் எழுதுவது, கடையில் அவளுக்குப் பதிலாகத் தானே பேசுவது, இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியிருந்தார். திட்டாமல், "உனக்குக் கஷ்டம்னு தெரியுது, உன்னால முடியும்னும் தெரியுது" என்று சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் முறை. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 124 பிள்ளைகளை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் கொடுத்த பயிற்சி, பிள்ளைக்கு நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. எனவே வேலை செய்தது அம்மாவாக இருக்கலாம், மருந்துக் கடைக்காரராகவும் இருக்கலாம். என் கேமராவைவிடப் பள்ளியே மேல் என்று அவளுக்குத் தோன்றியதோ என்றும் நினைத்திருக்கிறேன். அவளிடம் கேட்கத்தான் ஆசை. ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை என் சந்தேகம் தீருவதற்காகக் கூப்பிடக் கூடாது.

இப்போதெல்லாம் கேமராவை முதல் செஷனிலேயே படிக்கட்டில் சேர்த்துவிடுகிறேன். 15 வயதுப் பையன் ஒருவன் வருகிறான், அவனும் குரல் மட்டும்தான். கேமராவுக்கு எத்தனை என்று கேட்டதும் சாட்டில் '7' என்று போட்டான். அதை ஏழில் வைத்திருக்கிறோம், இப்போது மூன்றில் இருக்கிறோம். போன செவ்வாய் பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். இருபது எண்ணினேன். கேமரா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "யாராச்சும் வந்தாங்களாப்பா?" என்று கேட்டேன்.

சாட்டில் '1' வந்தது.