கணக்கை முடித்துவிட்டுத்தான் இயற்பியலா?

இயந்திரங்களின் அதிர்வை அளந்து எங்கே பழுது என்று சொல்வது என் வேலை. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் மோட்டார் என்றால் அதிர்வு வரைபடத்தில் 25 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 25 முறை என்ற இடத்தில், ஓர் உச்சி தெரியும். அது அளவுக்கு மீறி உயர்ந்தால் சுழலும் பாகத்தில் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறதோ என்று சந்தேகிப்போம், 50-இல் உயர்ந்தால் தண்டுகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். அறிக்கை எழுத இது போதும். ஆனால் கன்னாபின்னாவென்று வரும் அதிர்வைக் கருவி எப்படித் தனித்தனி அலைகளாகப் பிரிக்கிறது? இயற்பியல் படிக்க உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான்.

முதலில் கணக்கை முடித்துவிட்டு வா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், திசையன், அணிகள் என்று வரிசை நீளும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இது சரிவராது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் பாதி வழியிலேயே எதற்குப் படிக்கிறோம் என்பது மறந்துபோகும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அது கேட்கிற கணக்கை அப்போது படித்தால்தான் மனதில் நிற்கிறது.

நான் எடுத்துக்கொண்டது சுருள்வில்லில் தொங்கும் எடை. எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கேற்ற விசையோடு வில் திருப்பி இழுக்கும். விசை முடுக்கத்தைத் தரும். முடுக்கமோ, இருக்கும் இடத்தை நேரத்தைப் பொறுத்து இரண்டு முறை வகையிட்டால் கிடைப்பது. அப்படியானால் இரண்டு முறை வகையிட்ட பிறகும், குறி மாறி, ஒரு மாறிலியால் பெருக்கப்பட்டுத் தானே திரும்பி வருகிற சார்பு எது? சைனை வகையிட்டால் கொசைன், கொசைனை வகையிட்டால் மைனஸ் சைன். பள்ளியில் மனப்பாடம் செய்த இந்த இரண்டு வரியும் எதற்கு என்று தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அப்புறம் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். வெப்பம் பரவுவதை ஆராயப் போய், சிக்கலான வடிவங்களையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று சொன்னவர். 1822-இல் அதை நூலாகவே வெளியிட்டார். 25 ஹெர்ட்ஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, பதிவான அதிர்வை 25 ஹெர்ட்ஸ் சைனாலும் கொசைனாலும் தனித்தனியே பெருக்கித் தொகையிட வேண்டும். போதிய நேரத்துக்குச் செய்தால் மற்ற அதிர்வெண்கள் கூடியும் கழிந்தும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகும், 25 மட்டும் மிஞ்சும். தொகையீடு எனக்குப் பிடிபட்டது இங்கேதான். இதற்கு சைன், கொசைன் பெருக்கல் வாய்பாடுகள் தேவைப்பட்டன, அவற்றையும் அங்கேயே படித்தேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது: இயற்கணிதத்தில் கை ஓட வேண்டும். நுண்கணிதத்தில் தடுமாறுகிறோம் என்று நினைக்கிற பல இடங்களில் உண்மையில் சிக்குவது பின்னத்திலும் அடுக்கிலும்தான். விளக்க வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நிறுத்திவிட்டு வெற்றுத்தாளில் முதல் வரியிலிருந்து எழுதினால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

இப்போது அதே சுருள்வில்லில் உராய்வையும் சேர்த்திருக்கிறேன். சமன்பாட்டைத் தீர்க்கப் போனால் மைனஸ் எண்ணின் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. சரி, அடுத்தது கலப்பெண்கள்.