சுவரைப் பார்த்தே இடம் சொன்ன காலம்

1998இல் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பிளேஸ்டேஷன் என்ற வீடியோ விளையாட்டுக் கருவி இருந்த வீடுகள் பல. அதற்கான கள்ளப் பிரதி சிடிக்கள் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலேயே சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. அதன் போட்டிக் கருவியான நிண்டெண்டோ 64 இருந்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான், என் சித்தப்பா வீடு. அதற்கு சிடி கிடையாது, காட்ரிட்ஜ்தான். ரிங்கிட் சரிந்து கிடந்த அந்தக் காலத்தில் அதன் விலையைக் கேட்டாலே அம்மா பேச்சை மாற்றிவிடுவார். சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்ததால் அவருக்குக் கட்டுப்படியானது. அவர் கொண்டுவந்த காட்ரிட்ஜ்களில் ஒன்றுதான் கோல்டன்ஐ 007.

1995இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை ஒட்டி, இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் உருவாக்கி 1997இல் வெளிவந்த துப்பாக்கிச் சூட்டு விளையாட்டு அது. மார்ட்டின் ஹாலிஸ் தலைமையில் ஒரு சிறிய குழு. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் விளையாட்டு. உலகம் முழுக்க எண்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. இவையெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விளையாட்டின் ஒரு கட்டமாக வரும் ஃபெசிலிட்டி என்ற கட்டடம்தான்.

நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அங்கே எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுப்படி எங்கே, பின்கதவு எங்கே என்று தேட வேண்டியதில்லை. பள்ளி, கோயில், ஸ்டோர், ஆபீஸ், அவ்வளவுதான் தோட்டம். ஃபெசிலிட்டியோ கழிப்பறையின் மேல் உள்ள காற்றுக் குழாய்க்குள் தொடங்கும். கீழே குதித்தால் நீண்ட நடைகள், படிக்கட்டுகள், பூட்டிய கதவுகள், பிறகு ராட்சதத் தொட்டிகள் நிற்கும் கூடம். எந்த வேலைக்கும் உதவாத அறைகளும் அதில் இருந்தன. அவற்றுக்குள் சும்மா நுழைந்து சுற்றிப் பார்ப்பதில் எனக்கு இருந்த ஆனந்தம் சுடுவதில்கூட இல்லை.

அந்த அறைகள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு ஹாலிஸ் பிற்பாடு விளக்கம் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு அரங்குகளின் புகைப்படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு முதலில் கட்டடத்தை எழுப்பினார்களாம். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, அங்கே என்ன பணி என்பதெல்லாம் பிறகுதான். அதனால்தான் அது ஆட்டக்காரனுக்காகப் போட்ட பாதையாக இல்லாமல், யாரோ வேலை செய்யும் உண்மையான இடமாகத் தெரிந்தது. கடினம் கூடும்போது எதிரிகள் வலுப்பதோடு பணிகளும் கூடும். சுலப நிலையில் கண்டுகொள்ளாமல் கடந்த அறைக்குக் கடின நிலையில் போயே ஆக வேண்டும். இதைவிட நல்ல யோசனையை இந்த வகை விளையாட்டுகளில் நான் இன்றுவரை பார்க்கவில்லை.

நால்வர் சேர்ந்து ஆடும் பகுதியை வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்தபோது ஸ்டீவ் எல்லிஸ் என்பவர் சேர்த்திருக்கிறார். நினைத்தாலே திக்கென்கிறது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் என்ன ஆகியிருக்கும்?

நான், தங்கை, சித்தப்பா மகன், எதிர்வீட்டு அண்ணன். பதினான்கு அங்குலத் தொலைக்காட்சியில் ஆளுக்குக் கால் பங்குத் திரை. மற்றவர் எங்கே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், மறைக்கவே முடியாது. ஆனால் பார்த்தால் போதாது, புரிய வேண்டும். அடுத்தவர் கட்டத்தில் ஒரு துண்டுச் சுவர் தெரிந்தால், அது எந்த நடை, எந்தத் திருப்பம் என்று அந்தக் கணமே தெரிய வேண்டும். குறி பார்த்துச் சுடுவதில் எதிர்வீட்டு அண்ணன் கெட்டிக்காரர். இடம் அறிவதில் என் தங்கைக்கு இணை யாருமில்லை. துப்பாக்கியை அவள் அதிகம் தொடவே மாட்டாள். ஆள் நெருங்கினாலே வெடிக்கும் கண்ணிவெடிதான் அவளுக்குப் பிடித்தது. உடற்கவசம் கிடக்கும் மூலையில் அதை ஒட்டிவிட்டு, எங்கள் கட்டங்களைப் பார்த்தபடி காத்திருப்பாள். நான்கு பேர் நடுவே பெரிய வெடி வெடித்தால் படம் திணறித் திணறி நகரும். அந்தத் திணறலிலேயே அவள் சிரிப்பு தொடங்கிவிடும்.

சட்டமும் உண்டு. ஆட்ஜாப் என்ற குள்ளப் பாத்திரத்தை யாரும் எடுக்கக் கூடாது. நேராக நீட்டிய துப்பாக்கியின் குண்டு அவன் தலைக்கு மேலே போய்விடும் என்பதால் அது அநியாயம். இதைச் சட்டமாக்கியது தங்கைதான். அதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இப்போது அவள் ஜொகூர் பாருவில் இருக்கிறாள். 2023 ஜனவரியில் இந்த விளையாட்டு ஸ்விட்சிலும் எக்ஸ்பாக்ஸிலும் மறுபடி வந்ததும் முதலில் அழைத்துச் சொன்னவள் அவள்தான். அவள் மகன் ஃபெசிலிட்டியை மிகக் கடின நிலையில் 2 நிமிடம் 5 வினாடிக்குள் முடிக்க முயன்றுகொண்டிருக்கிறான். முடித்தால் சாகாவரம் தரும் ரகசிய வசதி திறக்கும். தடையாக இருப்பவர் டாக்டர் டோக். விளையாட்டை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் டோக்கின் பெயரையே அந்தப் பாத்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். கதவைத் திறக்கும் கருவி அவரிடம்தான் இருக்கும். ஆனால் அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு இடத்தில் நிற்பார். பையன் நேற்று நொந்துபோய் என்னை அழைத்தான். அவர் நிற்கக்கூடிய இடங்களையெல்லாம் நினைவிலிருந்தே தாளில் வரைந்து, படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்த இடத்தில் அவர் நின்றால் ஆட்டத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் குறித்திருக்கிறேன்.